கண்ணுக்குள் சந்தேகமான திட்டு தெரிந்தால்: எந்தப் படம் எடுப்பது, அதில் எதைப் பார்ப்பது

கண்ணாடி பவர் பார்க்க வந்தவர். பார்வையில் ஒரு குறையும் சொல்லவில்லை. வழக்கமாக எடுக்கும் ஃபண்டஸ் படத்தில், அதாவது கண்ணின் உட்பின்புறப் படத்தில், மேல் ரத்தக்குழாய் வளைவுக்குச் சற்று வெளியே, சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. இப்போது என்ன செய்வது? இன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதா, ஆறு மாதம் கழித்து வரச் சொல்வதா, 'ஒன்றுமில்லை' என்று விட்டுவிடுவதா? ஆப்டோமெட்ரிஸ்டாக இருந்தாலும் பொதுக் கண் மருத்துவராக இருந்தாலும் இந்தக் கேள்வி ஒருநாள் நம் நாற்காலிக்கு எதிரே வந்து உட்காரத்தான் போகிறது. அன்றைக்குக் கை நடுங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விழித்திரைக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய் அடுக்கான கோராய்டில் வரும் சாதாரண மச்சம், அதாவது நீவஸ், அடிக்கடி பார்க்கக்கூடிய ஒன்று. வெள்ளையினப் பெரியவர்களில் 100 பேரைப் பார்த்தால் சுமார் 5 பேருக்கு இருக்கும். கண்ணுக்குள் வரும் மெலனோமா, அதாவது நிறமிச் செல்களின் புற்றுநோய், அதே மக்களிடையே ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் 5, 6 பேருக்கு வருகிறது. ஆசியர்களிடமும் ஆப்பிரிக்கர்களிடமும் இன்னும் குறைவு. ஆனால் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நாளடைவில் அது உடலின் வேறு இடங்களுக்கு, பெரும்பாலும் கல்லீரலுக்கு, பரவிவிடுகிறது. மிகப் பெரும்பாலான திட்டுகள் ஒன்றும் செய்யாதவை, மிகச் சில உயிரைப் பறிப்பவை, ஆரம்பத்தில் இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். நம்முடைய சிக்கல் இதுதான். இதில் நம் வேலை நோய்க்குப் பெயர் வைப்பது என்று நினைத்துக்கொண்டால் திணறிப்போவோம். யாரை அனுப்ப வேண்டும், எவ்வளவு சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்று முடிவெடுத்தால் போதும். படங்கள் எல்லாம் அந்த ஒரு முடிவுக்காகத்தான்.

கேமராவைத் தொடுவதற்கு முன்

கண்முன் மின்னல் வெட்டுவதுபோல் தெரிகிறதா, நேர்கோடு வளைகிறதா, ஒரு பக்கம் நிழல் விழுகிறதா என்று கேளுங்கள். அப்புறம், இதுவரை உடலில் எங்காவது புற்றுநோய் வந்திருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். பெண்களில் மார்பகத்திலிருந்தும் ஆண்களில் நுரையீரலிலிருந்தும் கோராய்டுக்குப் பரவுவது அதிகம். இளமஞ்சள் நிறத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட திட்டுகளாக, சில நேரம் இரண்டு கண்ணிலும் தெரிந்தால் முதலில் நினைக்க வேண்டியது அதைத்தான். பல ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை முடிந்தவர்கள் கண்ணாடிக் கடையில் கேட்டால் இதைச் சொல்லத் தோன்றாமல் விட்டுவிடுவார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைப்பதற்கு முன்பே ஐரிஸை, அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்தை, ஸ்லிட் லேம்ப் நுண்ணோக்கியில் ஒருமுறை பாருங்கள், படமும் எடுங்கள். விரிந்த பிறகு ஐரிஸ் சுருண்டுவிடும், அங்கே இருக்கும் திட்டு தெரியாது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஒரே ஓரத்தில் மட்டும் தடித்துப் புடைத்த ரத்தக்குழாய்கள் இருக்கின்றனவா? ஒரு கண்ணில் மட்டும் காரணமில்லாமல் கண் அழுத்தம் மாறியிருக்கிறதா? லென்ஸில் ஒரு மூலையில் மட்டும் கண்புரை இருக்கிறதா? ஐரிஸுக்குப் பின்னால் உள்ள சிலியரி பாடி என்ற பகுதியில் ஒளிந்திருக்கும் கட்டி, கேமராவில் படாமல் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். எவ்வளவு விலை உயர்ந்த அகலக் கோணக் கருவியாக இருந்தாலும் ஐரிஸுக்குப் பின்னால் இருப்பதை அது பார்க்காது.

வண்ணப் படம்

இதுதான் அடிப்படை, இதில்தான் நாம் அதிகம் சொதப்புகிறோம். நானே செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒருவரின் திட்டு வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க மூன்று ஆண்டுக்கு முந்தைய படத்தைத் திறந்தேன். திட்டு சட்டத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு நின்றது. அந்தப் படத்தை எடுத்ததும் நான்தான். மாக்குலாவும் (கூர்மையான பார்வை தரும் விழித்திரையின் மையம்) டிஸ்க்கும் (பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் வட்டம்) நன்றாக விழுந்ததும் போதும் என்று அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு நிமிடம் செலவழித்துக் கண்ணை மேலே பார்க்கச் சொல்லி இன்னொரு படம் எடுத்திருந்தால், அவரை அன்று அவ்வளவு பயத்தோடு அனுப்ப வேண்டியிருந்திருக்காது.

எனவே திட்டு எங்கே இருந்தாலும் அதை நடுவில் வைத்து ஒரு படம், டிஸ்க்கும் திட்டும் ஒரே சட்டத்தில் வருவதுபோல் ஒரு படம், மாக்குலாவை நடுவில் வைத்து ஒன்று. கருமையான திட்டுகள் படத்தில் இன்னும் கறுத்து உள்விவரம் மறைந்துவிடும். ஒளியைச் சற்றுக் கூட்டி இன்னொன்று எடுங்கள். கேமராவை லேசாக இடது பக்கம் நகர்த்தி ஒன்று, வலது பக்கம் நகர்த்தி ஒன்று எடுத்து இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் திட்டு தட்டையா, மேடிட்டிருக்கிறதா என்பது ஓரளவு புரியும். தனிக் கருவி எதுவும் வேண்டாம்.

அளவைச் சொல்லும்போது டிஸ்க்கின் விட்டத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிஸ்க் என்றால் ஏறக்குறைய 1.5 மி.மீ. 'பெரிய திட்டு' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. 'அகலம் இரண்டரை டிஸ்க், டிஸ்க்கின் ஓரத்திலிருந்து மூன்று டிஸ்க் தள்ளி, மேல் வெளிப்பக்கம்' என்றால் அடுத்த ஆண்டு பார்ப்பவருக்கு உதவும். வளர்ச்சியைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி, திட்டின் ஓரத்தை விழித்திரை ரத்தக்குழாய்களோடு ஒப்பிடுவது. ஒரு குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வெளியே முன்பு இருந்த ஓரம் இன்று அந்தப் பிரிவைத் தாண்டியிருந்தால் அது வளர்ச்சி. குழாய்கள் இடம் மாறுவதில்லை, அதனால் இரண்டு படமும் வேறு வேறு கேமராவில் எடுத்திருந்தாலும் இந்த ஒப்பீடு நிற்கும்.

அகலக் கோண லேசர் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் ஒரு நல்ல செய்தியும். அதில் தெரியும் நிறம் உண்மையான நிறம் அல்ல. சிவப்பு, பச்சை என்ற இரண்டு லேசர்களின் படங்களைச் சேர்த்துச் செய்த நிறம். ஓரங்களில் உருவம் நீண்டு அளவும் தவறாகும், எனவே இன்று நேராகப் பார்த்து எடுத்த படத்தையும் அடுத்த ஆண்டு பக்கவாட்டில் பார்த்து எடுத்த படத்தையும் ஒப்பிட்டு 'வளர்ந்துவிட்டது' என்று சொல்லிவிடாதீர்கள். நல்ல செய்தி, அந்த இரண்டு லேசர் படங்களையும் தனித்தனியாகத் திறந்து பார்க்கலாம் என்பது. பச்சை ஒளி விழித்திரையோடும் அதன் நிறமி அடுக்கோடும் நின்றுவிடுகிறது, சிவப்பு ஒளி கோராய்டு வரை இறங்குகிறது. சிவப்பில் தெளிவாகத் தெரிந்து பச்சையில் மறைந்துபோகும் திட்டு பெரும்பாலும் கோராய்டில் இருப்பது. இரண்டிலும் தெரிந்தால் அது நிறமி அடுக்கில் இருக்கலாம்; கன்னங்கரேலென்று, தட்டையாக, வெட்டி ஒட்டியதுபோல் கூர்மையான ஓரத்தோடு, உள்ளே சன்னல்கள்போல வெளிறிய ஓட்டைகளோடு இருக்கும் பிறவித் திட்டு அந்த வகை. ஒரு சொடுக்கில் செய்யக்கூடிய இந்தச் சோதனையைப் பலர் செய்வதே இல்லை.

ஓசிடி

ஒளியைக் கொண்டு விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல் காட்டும் ஸ்கேன் இது. என்னைக் கேட்டால் முதல்நிலையில் முடிவை அதிகம் மாற்றுவது இந்தப் படம்தான். கண்ணால் பார்த்தால் தெரியாத அளவுக்கு மெல்லிய நீர்த்தேக்கம் விழித்திரைக்கு அடியில் இருந்தால் ஓசிடி காட்டிவிடும்.

ஆழப் படப்பிடிப்பு அமைப்பு இருந்தால் அதை இயக்குங்கள். கோராய்டு அப்போதுதான் ஓரளவு தெளிவாக வரும். திட்டின் மிக உயர்ந்த இடத்தின் வழியாக ஒரு கோடு, இருபுறமும் இயல்பான பகுதி தெரியும் அளவுக்கு நீளமாக. அப்புறம் திட்டின் கீழ் ஓரத்திலும் கட்டாயம் ஒரு ஸ்கேன் எடுங்கள். நீர் எப்போதும் கீழ்நோக்கித்தானே இறங்கும். திட்டின் உச்சியில் மட்டும் ஸ்கேன் எடுத்துவிட்டு நீர் இல்லை என்று எழுதுவது, கூரையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் தண்ணீர் தேங்கவில்லை என்று சொல்வது மாதிரி. திட்டு மாக்குலாவிலிருந்து தள்ளி இருந்தால் இரண்டுக்கும் நடுவில் உள்ள பகுதியையும் பாருங்கள்.

படம் வந்ததும், பழைய அடையாளங்கள் எவை, புதிய அடையாளங்கள் எவை என்று பிரித்துப் பார்ப்பது என் பழக்கம். திட்டுக்கு மேலே ட்ரூசன் (நாளடைவில் படியும் மஞ்சள் நிறப் படிவு) இருக்கிறது, நிறமி அடுக்கு மெலிந்து தேய்ந்திருக்கிறது என்றால், இது அங்கே பல ஆண்டுகளாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். மனம் கொஞ்சம் ஆறலாம். மாறாக, புதிய நீர், அந்த நீருக்கு மேலே ஒளி உணர் செல்களின் அடிப்பக்கம் நூல் பிரிந்த துணி ஓரம்போலத் தொங்குவது, இவை இருந்தால் திட்டு இப்போது ஏதோ செய்துகொண்டிருக்கிறது. ட்ரூசன் இருப்பதாலேயே ஆபத்தில்லை என்று முடிவு கட்டவும் கூடாது. பழைய மச்சம் ஒன்று திடீரென்று விழித்துக்கொள்வது உண்டு.

தடிமனை அளக்கும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். திரையில் பல கருவிகள் செங்குத்து அளவை இழுத்துக் காட்டுகின்றன, அதனால் தட்டையான மச்சம்கூட மலைபோல் தெரியும். இரு திசையிலும் உண்மை அளவு காட்டும் அமைப்புக்கு மாற்றிப் பாருங்கள். இன்னொன்று நிழல். அடர்ந்த நிறமி ஒளியை விழுங்கிவிடுவதால் திட்டின் அடிப்பக்க ஓரமே தெரியாமல் போகும். அப்படிப்பட்ட நேரத்தில் குத்துமதிப்பாக ஒரு எண்ணை எழுதாதீர்கள். 'அடி ஓரம் தெரியவில்லை, அளக்க முடியவில்லை' என்று எழுதுவதுதான் நேர்மை, அதுவே அல்ட்ராசவுண்டுக்கு அனுப்பப் போதுமான காரணமும்கூட.

ஆட்டோஃப்ளூரசன்ஸும் பி-ஸ்கேனும்

ஆரஞ்சு நிறமி என்று சொல்லப்படும் லிப்போஃபசின், வண்ணப் படத்தில் ஏமாற்றிவிடும். கரிய திட்டின் மேல் ஆரஞ்சாகத் தெரிவது, நிறமில்லாத வெளிறிய கட்டியின் மேல் பழுப்பாகத் தெரியும். திசு தானாக ஒளிர்வதைப் பிடிக்கும் ஆட்டோஃப்ளூரசன்ஸ் படத்தில் இரண்டுமே பளிச்சென்று ஒளிரும். நிறமி அடுக்கு செத்துப்போன இடங்கள் இருட்டாக இருக்கும். ட்ரூசனை ஆரஞ்சு நிறமி என்று நினைத்துவிடும் குழப்பம் வண்ணப் படத்தில் அடிக்கடி வரும், இதில் குறையும். ட்ரூசன் அவ்வளவு பிரகாசமாக ஒளிர்வதில்லை. நீர் தேங்கிய இடமும் ஒளிரலாம் என்பதால் ஓசிடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

பி-ஸ்கேன், அதாவது கண்ணுக்கான அல்ட்ராசவுண்டு, எல்லா இடத்திலும் இருக்காது. இருந்தால் தடிமனை அளக்க அதுதான் சரியான கருவி, குறிப்பாக 1 மி.மீ.க்கு மேல் போனால். புரோபைத் திட்டுக்கு நேர் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் தடிமன் கூடிவிடும். மெலனோமா பெரும்பாலும் உள்ளே வெறுமையாக, எதிரொலி குறைவாகத் தெரியும். ரத்தக்குழாய்க் கட்டியான ஹீமாஞ்சியோமா உள்ளே நிறைய எதிரொலியோடு வெளுப்பாகத் தெரியும். கருவி இல்லையென்றால் வருந்த வேண்டாம், அது இல்லாமலே எடுக்கக்கூடிய முடிவுகள்தான் அதிகம்.

மதிப்பெண் போடுவது

கண் புற்றுநோய் நிபுணர் பெர்ட்டில் டமாட்டோ உருவாக்கிய 'மோல்ஸ்' முறையை நான் எல்லாருக்கும் பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் அது நம்மைப் போன்றவர்களுக்காகவே செய்யப்பட்டது, அல்ட்ராசவுண்டு கட்டாயமில்லை. ஐந்து விஷயங்கள்: காளான் வடிவம், ஆரஞ்சு நிறமி, அளவு, வளர்ச்சி, விழித்திரைக்கு அடியில் நீர். இல்லை என்றால் 0, லேசாக இருக்கிறது அல்லது உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால் 1, சந்தேகமில்லாமல் இருக்கிறது என்றால் 2.

காளான் வடிவம் என்பது கட்டி தன் மேலே உள்ள புருக் சவ்வு என்ற மெல்லிய படலத்தைக் கிழித்துக்கொண்டு குடைபோல் விரிவது. அது தெளிவாக இருந்தால் மெலனோமா என்றே வைத்துக்கொள்ளலாம். அளவில், தடிமன் 1 மி.மீ.க்குக் கீழும் அகலம் 3 டிஸ்க்குக்குக் கீழும் இருந்தால் 0. தடிமன் 1 முதல் 2 மி.மீ. அல்லது அகலம் 3 முதல் 4 டிஸ்க் என்றால் 1. அதைத் தாண்டினால் 2. நீரில், ஓசிடியில் மட்டும் தெரியும் துளி 1, ஓசிடி இல்லாமலே தெரிவது 2. வளர்ச்சிக்குப் பழைய படம் வேண்டும்; படம் இல்லையென்றால் 0 போட்டு, அதைக் குறிப்பிலும் எழுதிவையுங்கள்.

கூட்டுத்தொகை 0 என்றால் சாதாரண மச்சம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். 1 என்றால் ஆண்டுதோறும். 2 என்றால் அவசரமில்லாமல் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். 3 அல்லது அதற்கு மேல் என்றால் மெலனோமாவாக இருக்க வாய்ப்பு அதிகம், கண் புற்றுநோய் நிபுணரிடம் அவசரமாக அனுப்ப வேண்டும், 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்பதற்கு அங்கே இடமில்லை. 1 போடுவதா 2 போடுவதா என்று தடுமாறினால் கூடுதலையே போடுங்கள். தேவையில்லாமல் ஒருவரை அனுப்பியதால் அவருக்கு ஒரு நாள் அலைச்சல். அனுப்பாமல் விட்டால் இழப்பது வேறு.

எல்லாக் கருவியும் உள்ளவர்களுக்குக் கண் புற்றுநோய் நிபுணர் கரோல் ஷீல்ட்ஸின் குழுவினர் 2019-இல் திருத்தி வெளியிட்ட பட்டியல் இருக்கிறது. அல்ட்ராசவுண்டில் தடிமன் 2 மி.மீ.க்கு மேல், ஓசிடியில் நீர், பார்வை 6/15 (இயல்பான கண் 15 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிவது) அல்லது அதைவிட மோசம், ஆட்டோஃப்ளூரசன்ஸில் ஆரஞ்சு நிறமி, அல்ட்ராசவுண்டில் உள்வெறுமை, படத்தில் விட்டம் 5 மி.மீ.க்கு மேல். இதில் ஒன்றுமே இல்லாத மச்சம் ஐந்து ஆண்டில் மெலனோமாவாக மாறும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம், ஒன்று இருந்தால் 11, மூன்று இருந்தால் 34. மதிப்பெண் ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு இந்த எண்களைக் காட்டுவேன்.

இளவயதினரின் மச்சம் பல ஆண்டுகளில் மெல்ல மெல்லச் சிறிது பெரிதாவது புற்றாக மாறாமலும் நடக்கக்கூடியது. ஆனால் அதை முடிவு செய்யும் இடம் நம்முடையது அல்ல.

கண்ணின் முன்பக்கம்

ஐரிஸ் திட்டுக்கும் இதே அணுகுமுறைதான்: ஸ்லிட் லேம்ப் படம், அளவை மில்லிமீட்டரில், கடிகார மணிக்கணக்கில் இடம். வயது 40-க்குள், முன்னறையில் ரத்தம், கீழ்ப்பாதியில் இருப்பது, பரவலாக விரிவது, கண்மணியின் ஓரம் வெளிப்பக்கம் சுருண்டு இழுபடுவது, ஓரம் இறகுபோல் பிசிறியிருப்பது, இவை கவலைப்பட வேண்டியவை. முன்பகுதி ஓசிடி நிறமில்லாத சிறு திட்டுகளுக்கு உதவும். கரிய கட்டியின் பின்னால் நிழல் விழுந்துவிடும், அதற்கு உயர் அதிர்வெண் அல்ட்ராசவுண்டு உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

கண்ணின் வெள்ளைப் பகுதியில் சதை வளர்ச்சி என்று நினைத்த ஒன்று தடித்து, வெளுத்து, ரத்தக்குழாய்கள் ஊடுருவி நின்றால் முன்பகுதி ஓசிடி எடுத்துப் பாருங்கள். சாதாரண சதை வளர்ச்சியில் மேல்தோல் அடுக்கு மெல்லியதாகவே இருக்கும், அடியில்தான் தடிப்பு. புற்று வகையில் மேல்தோல் அடுக்கே தடித்து, வெளுப்பாக, இயல்பான பகுதியிலிருந்து சட்டென்று மாறித் தெரியும். நிறமித் திட்டு என்றால் மேல் இமையைத் திருப்பிப் பார்த்து அங்கேயும் படம் எடுங்கள். பலர் இதைச் செய்யாமல் விடுகிறார்கள்.

குழந்தை என்றால் வேறு கணக்கு

கண்மணி வெள்ளையாகத் தெரிகிறது என்று ஒரு தாய் ஃபோனில் எடுத்த படத்தைக் காட்டினால், மேலே சொன்ன எதையும் வரிசையாகச் செய்துகொண்டிருக்க வேண்டாம். குழந்தை பக்கவாட்டில் பார்க்கும்போது டிஸ்க்கில் பட்டுத் திரும்பிய ஒளியாகவும் அது இருக்கலாம், கண்புரையாகவும் இருக்கலாம், குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயான ரெட்டினோபிளாஸ்டோமாவாகவும் இருக்கலாம். இருட்டறையில் இரண்டு கண்ணின் சிவப்பு ஒளிர்வையும் ஒப்பிட்டுப் பாருங்கள், அந்த ஃபோன் படத்தை வாங்கிச் சேர்த்து அன்றே அனுப்புங்கள். உங்கள் அறையில் இயல்பாகத் தெரிந்தாலும் அனுப்புங்கள். புதிதாக மாறுகண் வந்த சின்னக் குழந்தைக்கும் கண்மணியை விரித்து உள்ளே பார்க்காமல் கண்ணாடி மட்டும் எழுதிக் கொடுக்கக் கூடாது.

அனுப்பும்போது

கடிதத்தில் பார்வை, கண் அழுத்தம், திட்டின் இடம், டிஸ்க் கணக்கில் அளவு, ஐந்து விஷயத்துக்கும் தனித்தனி மதிப்பெண், கூட்டுத்தொகை, பழைய படம் உண்டா இல்லையா, உடலில் வேறு புற்றுநோய் வரலாறு. படங்களைத் திரையிலிருந்து ஃபோனில் பிடித்து அனுப்பாதீர்கள், மூலக் கோப்பையே அனுப்புங்கள். ஓசிடி என்றால் ஒரே ஒரு வெட்டு போதாது, முழுத் தொகுப்பு வேண்டும்.

எதிரே இருப்பவரிடம் என்ன சொல்வது? 'புற்றுநோயாக இருக்கலாம்' என்று ஆரம்பித்தால் அதற்கப்புறம் நீங்கள் சொல்வது எதுவும் அவர் காதில் விழாது. மறைப்பதும் தவறு, காரணம் தெரியாதவர் போகாமலே இருந்துவிடுவார். 'கண்ணுக்குள் ஒரு மச்சம் இருக்கிறது. தோலில் இருக்கும் மச்சம் மாதிரிதான், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. உங்களுடையதில் இரண்டு அடையாளங்கள் எனக்குச் சரியாகப் படவில்லை, அதைப் பார்ப்பதற்கென்றே இருக்கிறவர்கள் பார்க்கட்டும்' என்று சொல்லி, படத்தைத் திரையில் காட்டி, எந்த அடையாளம் என்று விரலால் சுட்டிக் காட்டுவேன். பார்த்துவிட்டால் அவர்களே கேள்வி கேட்பார்கள்.

அனுப்பத் தேவையில்லாதவர்களுக்கும் அந்தப் படத்தின் நகலைக் கையிலோ ஃபோனிலோ கொடுத்துவிடுங்கள். ஊர் மாறுவார்கள், வேறு இடத்தில் கண் காட்டுவார்கள், நம்முடைய கணினியும் ஒருநாள் பழுதாகும். எடுத்த தேதியும் எந்தக் கண் என்பதும் படத்தின் மேலேயே இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து அனுப்பியவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்து போனீர்களா என்று கேளுங்கள், போகாதவர்கள் இருப்பார்கள்.